தேன்மெழுகும் திருமேனியும்

மேனாடுகளில் இளவேனில் தொடங்குங்கால், ஆழ்ந்த சட்டமும் கண்ணாடி முகப்பும் உடைய சிறு பேழையொன்றினுள் உலர்ந்த மலர், தேனடைத் துண்டு, மெழுகு, கம்பி, துணி முதலிய பலவகைப் பொருள்களை அடுக்கித் தேனீயின் உருவமைத்துச் சுவரில் மாட்டுங் கைவினை வழக்கம் உண்டு. ஆங்குத் தேனீ காட்சிப் பொருள். கண்ணாடியின் பின்னின்று காண்பாரை மகிழ்விப்பது. தமிழர் கலை வரலாற்றில் தேனீ பெற்ற இடமோ இதனின் வேறானது. இங்கு அதன் உழைப்பின் பயனாகிய மெழுகு, திருமேனி உருப்பெறுதற்கு முதற்பொருளாகி, உருப்பெறும் அவ்வேளையிலேயே உருகி ஓடி மறைந்துவிடுகின்றது. காணப்படாமையே அதன் தொண்டு. அம்மறைவினூடே வேறொரு மறைவும் நிகழ்ந்துள்ளது. அம்மெழுகைக் காட்டினின்றும் கொணர்ந்த மாந்தரும் வரலாற்றின் கண்ணுக்குப் புலப்படாது போயினர். திருகோணமலைத் துறைமுகப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு இவ்விரு மறைவுகளையும் ஆராய்தல் பயனுடைத்து.

திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயில், கடலை நோக்கி உயர்ந்து நிற்கும் பாறையின்மீது விளங்கியது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1622ஆம் ஆண்டிற்கும் 1624ஆம் ஆண்டிற்கும் இடையே, போர்த்துக்கேயத் தளபதியாகிய கொன்ஸ்தந்தீனு த சா அதனை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்புவித்தான். கோயில் அழியினும், அடியார் மண்ணுட் புதைத்துக் காத்த திருமேனிகள் அழிந்தில. 1950ஆம் ஆண்டில் நகரசபையார் கிணறு தோண்டுவித்தபோது, கோயிலிடத்திற்குச் சில நூறு யார் தொலைவில், சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. பின்னர் அவை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பெற்றன. 1963ஆம் ஆண்டிற் புதுக்கிய கோயிலுக்குக் குடமுழுக்கும் நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுள் இருந்தும் அவற்றின் முகப்பொலிவு குன்றாமை கண்டு அறிஞர் வியந்தனர். பொலனறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளிற் கிடைத்த சைவப் படிமங்களோடு ஒருங்கு வைத்து எண்ணுங்கால், ஈழத்துச் சைவக் கலையின் செழுமைக்கு இவை தக்க சான்றாவன.

இத்தகைய திருமேனிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் காலம், பாணி, முத்திரை, அணிகலன் ஆகியவற்றை விரித்துரைப்பர். அவற்றை வார்த்த முறையினைச் சில வரிகளிற் கூறி அமைவர். வார்ப்பிற்கு வேண்டிய மெழுகு எங்கிருந்து வந்தது என்னும் வினாவையோ பெரும்பாலும் எழுப்புவதேயில்லை. ஆயின் அம்முறைக்கு வடநூலார் இட்ட பெயரே அவ்வினாவை எழுப்பத் தூண்டுகின்றது. மதூச்சிட்ட விதானம் என்பது அப்பெயர். மது என்பது தேன். உச்சிட்டம் என்பது உண்டு எஞ்சியது. தேன் கொள்ளப்பட்டபின் எஞ்சிய சக்கையாகிய மெழுகினாற் செய்யும் முறை என்பது அதன் பொருள். எச்சில் என்று ஒதுக்கத்தக்க பொருளொன்று இறைவன் திருமேனிக்குக் கருவாயிற்று என்னும் உண்மை அப்பெயரினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

சோழநாட்டுச் சுவாமிமலையிலே தபதியர் இன்றுங் கையாளும் முறையைக் கொண்டு பழைய முறையை ஒருவாறு உணரலாம். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் சிறிது எண்ணெயையுங் கூட்டிக் காய்ச்சிப் பதப்படுத்துவர். தென்னையோலை நறுக்கினை மடித்து அளவு குறித்து, அவ்வளவின்படி தலை, உடல், கை, கால் என உறுப்பு உறுப்பாக மெழுகிற் சமைத்து ஒன்றாக இணைப்பர். விரல் நகமும் ஆடை மடிப்பும் அணியின் மணியும் மெழுகிலேயே செதுக்கப்படும். பின்னர் நுண்ணிய வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்துவர். அதன்மேல் மணல் கலந்த பருமண் பூசி, இரும்புக் கம்பியாற் கட்டி, மீண்டும் மண் அப்புவர். உலர்ந்த கருவினைச் சூடேற்றுங்கால், உள்ளிருக்கும் மெழுகு உருகி, முன்னரே விடப்பட்ட துளைவழியே ஒழுகிவிடும். எஞ்சுவது வெற்றிடம். அவ்வெற்றிடத்தினுள் உருகிய செம்புக் கலவையை வார்த்து, ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி வெளிப்படும். ஒரு கருவில் ஒரு படிமமே தோன்றும்; மண்ணுறை உடைந்தபின் அதனைப் போன்ற மற்றொன்று வார்த்தல் இயலாது.

தேன்மெழுகு இத்தொழிற்கு ஏன் இன்றியமையாததாயிற்று? ஏறத்தாழ 62 முதல் 65 பாகை வெப்பத்திலேயே அது உருகும். ஆதலின் மண்ணுறை சிதையாமல் அதனை வெளியேற்றலாம். கைச்சூட்டில் இளகும், குளிர்ந்தால் இறுகும். நுண்ணிய கோட்டினையும் மழுங்காது தாங்கும். தீயிலிட்டால் வண்டல்போல எதனையும் எஞ்சவிடாது நீங்கும். இவ்வியல்புகள் யாவும் ஒருங்கே அமைந்த பிறிதொரு பொருள் பண்டைக் கம்மியர்க்கு எளிதிற் கிட்டியிராது.

இனி, எத்துணை மெழுகு வேண்டும் என்பதையும் நோக்குதல் வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய வேந்தனாகிய மூன்றாஞ் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், மெழுகுருவினை நிறுத்து, அந்நிறைக்கேற்ப இன்ன உலோகம் இத்துணை மடங்கு கொள்க என விதிக்கின்றது. செம்புக் கலவை மெழுகினும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமுடையது. எனவே உட்பொள்ளலின்றிக் கனமாக வார்க்கும் 45 கிலோகிராம் நிறையுடைய திருமேனிக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் மெழுகு வேண்டும். தேனீக் கூட்டத்தில் இளம் வேலைக்காரத் தேனீக்களே தம் வயிற்றின் அடிப்புறச் சுரப்பிகளினின்றும் மெழுகினைச் சிறு செதில்களாகச் சுரக்கின்றன. ஒரு பங்கு மெழுகு சுரத்தற்கு அதனைப்போற் பன்மடங்கு தேனை அவை உண்ணுதல் வேண்டும். பிழிந்து எடுத்த ஓர் அடையிற் கிடைக்கும் மெழுகோ மிகச் சிறிது. ஆதலின் ஒரு திருமேனியின் பின்னே பற்பல தேனடைகளும், அவற்றைத் தேடிக் காடு புகுந்த பலருடைய உழைப்பும் நிற்கின்றன என்பது தெளிவு.

அவ்வுழைப்பாளர் யாவர்? இவ்வினாவிற்கு விடைதரும் எழுத்துச் சான்றொன்று திருகோணமலைத் துறைமுகத்தோடு எதிர்பாராத வகையிற் பிணைந்துள்ளது. 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்திற் புயலாற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பஞ் செய்தற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் அதன் தலைவரும் அவர் மகனாகிய றொபேட் நொக்சும் கண்டியரசனான இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மூதூரில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்லொன்று 1893இல் நடப்பட்டது. தந்தையார் சிறையிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனிலே தம் நூலை வெளியிட்டார்.

அந்நூலில் நொக்ஸ் இந்நாட்டுத் தேனீக்களை மூவகையாகப் பிரித்துக் கூறுகின்றார். மரப்பொந்திலும் நிலத்துப் புற்றிலும் அடை வைப்பது ஒன்று. உயர்ந்த மரக்கொம்பிற் பேரடை தொங்கவிடுவது மற்றொன்று. கொட்டாத சிறுதேனீ மூன்றாவது. இக்கால விலங்கியலார் கொம்புத்தேனீயையுஞ் சேர்த்து நான்கு என்பர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் சிறையிருந்த ஒருவர் கண்டெழுதிய பகுப்பு பெரும்பாலும் பிழைபடாதிருத்தல் பாராட்டத்தக்கது. ஊரார் நாற்பதின்மர் ஐம்பதின்மராகத் திரண்டு காடு சென்று தேன் கொணர்ந்தனர் என்றும், வேடர் மரத்தைக் குடைந்து அதனுள் தேன் நிரப்பி, இறைச்சியை இட்டு, வாயை மண்ணால் மூடிப் பஞ்சகாலத்திற்கெனச் சேமித்தனர் என்றும் அவர் குறிக்கின்றார்.

இவற்றினும் சிறந்ததொரு செய்தி அந்நூலில் உண்டு. அரசனுக்கு ஓரளவு அடங்கிய வேடர், யானைத் தந்தம், தேன், மெழுகு, மானிறைச்சி ஆகியவற்றை அரச அலுவலரிடங் கொணர்ந்து கொடுத்தனர் என்றும், அலுவலர் ஏறத்தாழ அதே பெறுமதியுடைய அம்பும் துணியும் பிறவும் அவர்க்கு மாறாக அளித்தனர் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். அங்ஙனம் அளியாவிடில் அவர் மீண்டும் வாரார் என்னும் அச்சமே அதற்குக் காரணமாம். இச்செய்தி இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. மெழுகு, தந்தத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுந் தகுதியுடைய பொருளாயிருந்தது என்பது ஒன்று. அதனைக் கொணர்ந்தோர் வெறும் ஏவலர் அல்லர். கொடுத்தும் கொண்டும் வாழ்ந்தவர். வாராதொழிதலும் அவர்தங் கையிலேயே இருந்தது என்பது மற்றொன்று. திறை என்று அரண்மனை கருதியது, காட்டினை நோக்கின் வாணிகமேயாகும்.

கொட்டியாரம் தொடங்கித் தெற்கே வாகரை வரையுள்ள கரையோரத்திலே தமிழ் பேசும் வேடர் குடிகள் இன்றும் வாழ்கின்றனர். செலிக்மன் என்னும் மானிடவியல் அறிஞரும் அவர்தம் மனைவியாரும் 1911இல் வெளியிட்ட வேடரைப் பற்றிய நூலிலே கரையோர வேடரைத் தனியே ஆராய்ந்துள்ளனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டின் போரும் மூதூர்க் கிழக்கு, ஈச்சிலம்பற்று ஆகிய பகுதி மக்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்தன. குடிபெயரும் மக்களோடு தேன் மரங்களைப் பற்றிய அறிவும் பெயர்கின்றது. ஒரு தலைமுறை காடு செல்லாதொழியின் அவ்வறிவு மீள்வது அரிது. கல்வெட்டும் செப்பேடும் அழிந்தாற் படியெடுத்து வைத்ததையேனும் காணலாம். இவ்வறிவிற்கோ படி இல்லை.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். கோணேசர் திருமேனிகள் சோழநாட்டுப் பட்டறையில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்திருத்தல் கூடுமே. அங்ஙனமாயின் கொட்டியாரக் காட்டிற்கும் அவற்றிற்கும் தொடர்பு யாது என்று வினவலாம். அத்தடை பொருட்பேற்றினை மாற்றாது. எவ்வூர்ப் பட்டறையில் வார்க்கப்பட்டிருப்பினும் மெழுகின்றி அவை உருவாகியிரா. அம்மெழுகு ஏதோவொரு மலையிலோ காட்டிலோ தேனெடுத்தோரிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். பறம்பு மலையின் வளங்களுள் தேனையும் ஒன்றாக வைத்து எண்ணிய புறநானூற்றுக் காலந்தொட்டே தேனெடுத்தல் தமிழ்நிலத்துத் தொழிலாகும். மன்னன் பெயரும் கொடையாளி பெயரும் கல்லில் நின்றன. தபதியின் திறம் செம்பில் நின்றது. தேனெடுத்தோன் பெயரோ அவன் கொணர்ந்த மெழுகினைப் போலவே ஒழுகிப் போயிற்று.

வரலாறு கற்பிப்போர் இக்குறையை ஓரளவேனும் நீக்கலாம். தொடக்கத்திற் கூறிய மேனாட்டுக் கண்ணாடிப் பேழையை இந்நோக்கிற்கே பயன்படுத்துதல் கூடும். மாணவர் இளவேனிலில், மரங்கள் பூக்கும் பருவத்திலே, நான்கு அறைகளையுடைய பேழையொன்றைத் தாமே செய்தல் நன்று. முதலறையில் ஈக்கள் விட்டு நீங்கிய பழைய தேனடைத் துண்டும் கொட்டியாரப் பகுதியின் நிலப்படமும் வைக்கலாம். இரண்டாவதில் மெழுகுக் கட்டியும் மெழுகிற் செய்த சிற்றுருவும் அமையலாம். நான்காவதிற் செம்பில் வார்த்த சிற்றுருவம் இடம்பெறலாம். இவற்றிடையே மூன்றாம் அறையில் இரண்டாகப் பிளந்த மண்கருவினை, அதன் உட்புறம் தோன்றுமாறு நிறுத்துதல் வேண்டும். அதனுள் எப்பொருளையும் இடவேண்டுவதில்லை. காண்பார் அவ்வெற்றிடத்தின்முன் சற்று நின்று, இங்கே இருந்தது யாது, அதனைக் கொணர்ந்தவர் யாவர் என்று வினவுவாராயின், அப்பேழை தன் பணியைச் செவ்வனே செய்ததாகும்.