அப்பா குண்டு போட்ட ஊரில் மகன் செய்த சிலுவை

இந்த முறை கொஞ்சம் வரலாறு. பரீட்சைக்கு வராத வரலாறுதான், தைரியமாகப் படிக்கலாம் :)

முதலில் ஒரு கேள்வி. உங்கள் அப்பா ஒரு காலத்தில் ஓர் ஊரின் மேல் குண்டு போட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஊருக்கு நீங்கள் போகிறீர்கள். அங்கே ஒரு வயதானவர், "அப்பா என்ன வேலை பார்த்தார், தம்பி?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

ஜெர்மனிக்குப் போகும் ஆங்கிலேயர்கள் பலருக்கு இது வெறும் கற்பனை இல்லை. அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்திருப்பார். இல்லையென்றால் யாரோ ஒருவர் ஜெர்மன் குண்டுக்குப் பலியாகியிருப்பார். சில குடும்பங்களில் இரண்டுமே உண்டு. இந்தக் கேள்விக்குத் தன் கைவேலையால் பதில் சொன்னவர் லண்டனைச் சேர்ந்த ஆலன் ஸ்மித். பொன், வெள்ளி வேலை செய்யும் கைவினைஞர். அவருடைய அப்பா ஃபிராங்க் ஸ்மித், 1945ல் ட்ரெஸ்டன் நகரத்தின் மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர்.

ட்ரெஸ்டனுக்குப் போகும் முன்னால் இங்கிலாந்தில் ஓர் ஊரைப் பார்த்துவிடுவோம். கதை அங்கேதான் தொடங்குகிறது.

கோவென்ட்ரி ஒரு தொழில் நகரம். கார், விமான எஞ்சின் எல்லாம் செய்த ஊர். 1940 நவம்பர் 14 இரவு ஏறக்குறைய 500 ஜெர்மன் விமானங்கள் வந்து விடிய விடியக் குண்டு போட்டன. செத்தவர்கள் 568 பேர். இடைக்காலத்தில் கட்டிய செயின்ட் மைக்கேல் பேராலயமும் எரிந்துபோய், கோபுரமும் வெளிச்சுவர்களும் மட்டும் மிஞ்சின.

அந்த ஆலயத்தின் தலைமைப் பாதிரியார் ரிச்சர்ட் ஹோவர்ட். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும், போர் முடிந்ததும் இன்னும் அன்பான ஓர் உலகத்தைக் கட்ட வேண்டும் என்றார். யோசித்துப் பாருங்கள், ஊர் எரிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கோபம் வந்திருக்கும்!

1948ல் அந்த இடிந்த பீடத்தின் பின்சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். "பிதாவே, மன்னியும்" என்பது அதன் பொருள். 'அவர்களை' என்ற சொல் அதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டார்கள். 'அவர்களை' என்று போட்டால் குற்றம் முழுக்க எதிரியுடையது ஆகிவிடும். போடாவிட்டால் நாமும் அதற்குள் வந்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மையமே அந்த விடுபட்ட சொல்தான்.

சரி, இனி ட்ரெஸ்டன்.

எல்ப நதிக்கரையில் இருக்கும் அழகான நகரம். அதன் அடையாளம் 'ஃப்ராவன்கிர்ஷெ', அதாவது மாதா கோயில். 1726ல் தொடங்கி 1743ல் கட்டி முடித்த புராட்டஸ்டன்ட் ஆலயம். மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு பெரிய கல் கூரை, அதன் உச்சியில் ஒரு பொற்சிலுவை.

1945 பிப்ரவரி 13 இரவு ஏறக்குறைய 800 பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. அடுத்த இரண்டு நாளும் பகலில் அமெரிக்க விமானங்கள். கிழக்கிலிருந்து சோவியத் படைக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளும் அப்போது ஊரில் இருந்தார்கள். தீ ஒன்றோடொன்று சேர்ந்து புயலாகிப் பழைய நகரத்தையே விழுங்கியது. மாதா கோயில் அந்த இரவைத் தாண்டி நின்றது. ஆனால் வெந்துபோன தூண்களால் பாரத்தைத் தாங்க முடியவில்லை. 15ஆம் தேதி காலை கூரை சரிந்து விழுந்தது. சிலுவையும் கல்மேட்டுக்குள் புதைந்தது.

இதைப் படித்தவுடன், 'பிரிட்டிஷார் செய்தது அநியாயம்' என்று முடித்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே ஊரில் விக்டர் கிளெம்பரர் என்ற யூதப் பேராசிரியர் இருந்தார். மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் மட்டுமே அதுவரை உயிர் தப்பியிருந்தார். பிப்ரவரி 13 அன்றுதான், மிச்சமிருந்த யூதர்களில் பலரை நாடுகடத்தும் உத்தரவு வந்தது. அந்தக் கடிதங்களில் சிலவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவரே அவர்தான். தன் முறையும் சீக்கிரம் வரும் என்று அவருக்குத் தெரியும். இரவு குண்டு விழுந்தது. குழப்பத்தில் சட்டையிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, மனைவியோடு ஊரைவிட்டுத் தப்பினார். குழந்தைகளையும் அகதிகளையும் கொன்ற அதே குண்டுகள்தான் அவருக்கு உயிர் கொடுத்தன. இதை எந்தத் தராசில் நிறுப்பது?

விமானிகளின் கதையும் சுலபமானது இல்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அதில் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள், நம்மைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்கள். போர் முடியும் நேரத்தில் சர்ச்சிலே இந்தக் குண்டுவீச்சைப் பற்றித் தயக்கம் தெரிவித்தார். இந்தப் படைக்கென்று லண்டனில் ஒரு பெரிய நினைவகம் திறந்தது 2012ல்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஃபிராங்க் ஸ்மித் அப்படி மௌனமாக இருக்கவில்லை. ட்ரெஸ்டனில் நடந்த கொடுமையை மகனிடம் சொல்லியிருக்கிறார், அது மறந்துபோகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

போருக்குப் பிறகு ட்ரெஸ்டன் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. மாதா கோயில் கல்மேடாகவே கிடந்தது. ஆனாலும் தொடர்பு அறவே அற்றுப்போகவில்லை. 1959லேயே கோவென்ட்ரியும் ட்ரெஸ்டனும் இரட்டை நகரங்கள் ஆயின. ஜெர்மன் இளைஞர்கள் கோவென்ட்ரிக்கு வந்து பேராலயத்தில் கட்டட வேலை செய்தார்கள். 1965ல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர் குழு ஒன்று ட்ரெஸ்டனுக்குப் போய், குண்டில் சேதமான ஒரு மருத்துவமனையைக் கட்ட உதவியது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவும் இல்லை. 1992ல் குண்டுவீச்சுப் படைத் தளபதி ஆர்தர் ஹாரிஸுக்கு லண்டனில் சிலை வைத்தார்கள். அதே ஆண்டு எலிசபெத் ராணி ட்ரெஸ்டனுக்குப் போனபோது கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள், முட்டைகூட வீசினார்கள்.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, மாதா கோயிலைத் திரும்பக் கட்ட உலகத்திடம் உதவி கேட்டார்கள். பிரிட்டனில் 1993ல் 'ட்ரெஸ்டன் டிரஸ்ட்' என்ற அமைப்பு தொடங்கியது. ஆலயத்தின் உச்சியில் வைக்கும் புதிய சிலுவையை நாங்கள் தருகிறோம் என்று ஏற்றுக்கொண்டது. அந்த வேலைதான் ஆலன் ஸ்மித் கைக்கு வந்தது. பழைய சிலுவையின் வடிவத்திலேயே, பதினெட்டாம் நூற்றாண்டுக் கைவேலை முறையில் செய்தார். 2000 பிப்ரவரி 13, குண்டுவீச்சின் 55ஆம் நினைவு நாளில், அதை ட்ரெஸ்டனில் ஒப்படைத்தார்கள். 2004 ஜூனில் சிலுவை உச்சிக்கு ஏறியது. 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் திறக்கப்பட்டது.

இன்று அங்கே போனால் வெளிர்நிறச் சுவரில் ஆங்காங்கே கறுப்புக் கற்கள் தெரியும். இடிபாடுகளிலிருந்து பொறுக்கியெடுத்து மறுபடி வைத்த பழைய கற்கள் அவை. தீயில் கருகியவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வட்டாரத்து மணற்கல் வயதானால் தானாகவே கறுக்கும். பல பத்தாண்டுகள் கழித்துப் புதுக் கல்லும் கறுத்து, எது பழையது எது புதியது என்று தெரியாமல் போகும். 1993ல் கல்மேட்டுக்குள் கிடைத்த பழைய சிலுவை, வளைந்து நெளிந்த அதே கோலத்தில் உள்ளே நிற்கிறது. தலைக்கு மேலே மகன் செய்த சிலுவை, கண்ணெதிரே அப்பா காலத்துச் சிலுவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், எண்கள். குண்டு விழுந்த கொஞ்ச நாளில் உள்ளூர்க் காவல்துறை கணித்த பலி சுமார் 25,000. நாஜிப் பிரசாரம் அதை இரண்டு லட்சம் ஆக்கிவிட்டது. பல ஆண்டுகள் அந்தப் பெரிய எண் புத்தகங்களிலும் புழங்கியது. 2010ல் ட்ரெஸ்டன் நகரமே அமைத்த வரலாற்றாசிரியர் குழு, அதிகபட்சம் 25,000 என்று முடிவாகச் சொன்னது. அப்போதும் நவநாஜிகள் பிப்ரவரி 13ஐத் தங்கள் ஊர்வல நாளாக்கப் பார்க்கிறார்கள். 'எங்களுக்கு நடந்தது மட்டும்தான் கொடுமை' என்று காட்டினால் யூதப் படுகொலையை மூடிவிடலாம் அல்லவா? அதனால்தான் 2010 முதல் அந்த நாளில் நகர மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நிற்கிறார்கள். தன் ஊரின் பலி எண்ணிக்கையைத் தானே குறைத்துச் சொல்ல ஒரு நகரத்துக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்!

எனக்குத் தோன்றுவது இதுதான். மன்னிப்பு என்றால் மறப்பது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு ஊர்களிலும் யாரும் மறக்கவில்லை. 'நீ முதலில் அடித்தாய்' என்பதும் உண்மை. வார்சாவும் ராட்டர்டாமும் கோவென்ட்ரியும் ட்ரெஸ்டனுக்கு முன்னாலேயே எரிந்தன. 'நான் அடித்ததில் குழந்தைகள் செத்தார்கள்' என்பதும் உண்மை. இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடிந்ததால்தான், ஆலன் ஸ்மித்தின் கைவேலை அந்த ஊர் உச்சியில் நிற்க முடிந்தது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: அப்பா என்ன செய்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு, "இப்போது நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்க வேண்டும்.

உங்கள் பதில் என்ன? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.