பூஞ்சை பிடித்த அத்தியும் புளித்த திராட்சையும்

1932-ஆம் ஆண்டு பாரிசில் சில மாணவர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஹாட் க்ளப் த ஃபிரான்ஸ் என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வரும் ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிப்பதும், கூடி உட்கார்ந்து கேட்பதும், கேட்டதைப் பற்றி வாதம் செய்வதும்தான் வேலை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அன்று ஜாஸ் என்றால் இரவு விடுதியில் ஆடுவதற்கான இசை. நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்து, யார் ட்ரம்பெட் வாசிக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

இந்தச் சங்கத்தின் கதையில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் உய்க் பனாசியே, 1912-இல் பிறந்தவர். வசதியான குடும்பம். சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால் விளங்காமல் போய்விட்டது. ஆட முடியாத பையன் சாக்ஸபோன் கற்றுக்கொண்டு, ஆட்டத்துக்கான இசையை உட்கார்ந்து கேட்கத் தொடங்கினான். 1934-இல், இருபத்திரண்டாம் வயதில், 'லெ ஜாஸ் ஹாட்' என்று புத்தகமே எழுதிவிட்டார். சங்கத்தின் தலைவரும் அவரே. மற்றவர் ஷார்ல் தெலோனே, ஒரு வயது மூத்தவர். பெயர் பெற்ற ஓவியத் தம்பதிகள் ரொபேர் தெலோனே, சோனியா தெலோனே ஆகியோரின் ஒரே மகன். விளம்பரப் படங்கள் வரைவது தொழில். பனாசியே தீர்ப்புச் சொல்பவர், தெலோனே காரியம் பார்ப்பவர் என்று நான் பிரித்துக்கொள்வேன். ஒரு சங்கத்துக்கு இரண்டு பேரும் வேண்டும். எந்த அலுவலகத்திலும் அப்படித்தானே.

அப்போதைய இசைத்தட்டைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அது முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பி, எஃகு ஊசியையும் மாற்ற வேண்டும். தட்டின் மூலப்பொருள்களில் ஒன்று அரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் போனது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தது. தட்டைத் தொடும் உரிமை அந்த வீட்டுப் பெரியவருக்கு மட்டும்தான்.

ஹாட் க்ளப்காரர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. தட்டின் லேபிளில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும். யார் யார் வாசித்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. குழுவின் பெயரையும் நம்ப முடியாது. ட்யூக் எலிங்டனின் ஒரே குழு ஒரு கம்பெனிக்கு 'ஜங்கிள் பேண்ட்', இன்னொன்றுக்கு 'வூப்பி மேக்கர்ஸ்', வேறொன்றுக்கு 'ஹார்லம் ஃபுட்வார்மர்ஸ்' என்று பல பெயர்களில் வாசித்திருக்கிறது. ஒரு கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் தடுத்தால் அடுத்த கம்பெனிக்கு மாறுபெயர். அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அது ஒலிப்பதிவு எண். பெயரை மாற்றினாலும் அந்த எண் பொய் சொல்லாது. அடுத்தடுத்த எண்கள் என்றால் பெரும்பாலும் ஒரே நாள் பதிவு. ஒரே பாட்டை இரண்டு முறை எடுத்திருந்தால் எண்ணுக்குப் பின்னால் அதற்கும் ஒரு குறி.

தெலோனே இந்த எண்களைச் சேர்க்கத் தொடங்கினார். தன்னைப் போன்ற தட்டுப் பித்தர்களுக்குக் கடிதம் எழுதினார். பாரிசுக்கு வரும் அமெரிக்கக் கலைஞர்களிடம் தட்டைப் போட்டுக் காட்டி, இது யார் வாசிப்பு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1936-இல் அது 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்ற புத்தகமாக வந்தது. கலைஞர், நாள், இடம், எண், யார் எந்த வாத்தியம் என்று எல்லாம் வரிசையாக. ஜாஸ் ஒலிப்பதிவுகளுக்கு இப்படி அட்டவணை போட்ட முன்னோடிகளில் அது ஒன்று. கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலம் தள்ளிய எனக்கு, இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பாட்டுக்கு மயங்குபவர்கள் ஏராளம். மயங்கிவிட்டு, பிறகு உட்கார்ந்து எண் எழுதிவைப்பவர்கள் அபூர்வம்.

அந்த ஆண்டுகளில் நண்பர்கள் செய்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1934-இல் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டையும் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியையும் வைத்துச் சங்கத்தின் பெயரிலேயே ஐவர் குழு அமைந்தது. 1935-இல் 'ஜாஸ் ஹாட்' பத்திரிகை. 1937-இல் 'ஸ்விங்' என்ற சொந்த இசைத்தட்டு லேபிள். ஜாஸுக்கு மட்டுமே என்று தொடங்கப்பட்டது. பாரிசில் ஷப்தால் தெரு 14-ஆம் எண் கட்டடம் சங்கத்தின் வீடானது.

பிறகு போர். ஜெர்மானியர் பாரிசைப் பிடித்த பின்னும் ஜாஸ் ஓயவில்லை. பெயர்களைப் பிரெஞ்சாக்கிக்கொண்டு தொடர்ந்தது. தெலோனே மேலுக்குக் கச்சேரிகள் நடத்திக்கொண்டே உள்ளுக்குள் எதிர்ப்பு இயக்கத்துக்கு வேலை செய்தார். 1943-இல் பிடிபட்டு, சிறையில் சில வாரம் இருந்து வெளியே வந்தார். சங்கத்தின் தொடக்க கால நண்பர் ழாக் ப்யூரோ, வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர், ஆங்கிலேயரின் ரகசியப் படைக்கு வானொலித் தொழில்நுட்பம் பார்த்து அதே ஆண்டு பிடிபட்டார்.

இதே நாட்களில் இன்னொரு நட்பும் இருந்தது. டீட்ரிச் ஷூல்ஸ்-கேன் என்ற ஜெர்மானியர் போருக்கு முன்பே பெரிய ஜாஸ் தட்டுச் சேகரிப்பாளர். இப்போது ஜெர்மன் விமானப்படை அதிகாரி. பாரிசுக்கு வந்ததும் பழைய தட்டு நண்பர்களைத் தேடிப் போனார். ஒரு புகைப்படம் இருக்கிறது: சீருடையில் அவர், பக்கத்தில் ஜிப்சி இனத்தவரான ஜாங்கோ, சில கறுப்பினக் கலைஞர்கள், ஒரு யூதர். அந்தச் சீருடை யாரையெல்லாம் ஒழிக்கக் கிளம்பியதோ அவர்கள் அவரோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். இதைக் காட்டி இசை எல்லாப் பகையையும் வெல்லும் என்று உருகுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உருக முடியவில்லை. படம் எடுத்த பிறகு அவர் அந்தச் சீருடையோடுதான் திரும்பிப் போனார். ஆனாலும் தட்டு நண்பர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அது சிறிய விஷயம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இவ்வளவையும் தாண்டிய சங்கம் உடைந்தது எதனால் தெரியுமா? சில தட்டுகளால்.

போர் ஆண்டுகளில் அமெரிக்கத் தட்டுகள் ஐரோப்பாவுக்கு வருவது நின்றுபோயிருந்தது. போதாததற்கு அமெரிக்காவிலேயே 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. சில கம்பெனிகளோடு அந்தத் தகராறு 1944 வரை நீடித்தது. சரியாக அந்தக் காலத்தில்தான் நியூயார்க் விடுதிகளில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 'பீபாப்' என்ற புதுப் பாணியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வேகமும் புது ஸ்வரச் சேர்க்கைகளும் கொண்டது, ஆடுவதற்கு ஏற்றதல்ல. ஐந்தாறு வருடத்தில் படிப்படியாக வந்த மாற்றம், 1946-இல் அந்தத் தட்டுகள் பாரிஸ் வந்தபோது ஒரே இரவில் வந்தது போல இருந்தது. ஷப்தால் தெருவில் தெலோனேயும் இளைஞர்களும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். தெற்கே மோந்தொபானில் இருந்த பனாசியேவோ, இது ஜாஸே அல்ல என்று தீர்ப்பு எழுதினார்.

பழமையை நேசிப்பவர்களுக்கு 'பூஞ்சை பிடித்த அத்தி' என்றும் புதுமைக்காரர்களுக்கு 'புளித்த திராட்சை' என்றும் பட்டப்பெயர்கள் கிளம்பின. பத்திரிகைகளில் வசை. எழுத்தாளர் போரிஸ் வியான் 'ஜாஸ் ஹாட்' பத்திரிகையில் பனாசியேவைக் கேலி செய்து எழுதித் தள்ளினார். வியானுக்கு ட்ரம்பெட்டும் வாசிக்கத் தெரியும், மனிதரைப் புண்படுத்தவும் தெரியும். 1947-இல் சங்கம் பிளந்தது. தெலோனே வெளியேற்றப்பட்டார். 'ஹாட் க்ளப் த ஃபிரான்ஸ்' என்ற பெயர் பனாசியேவோடு போனது. பத்திரிகையும் ஷப்தால் தெரு வீடும் தெலோனே பக்கம் நின்றன. பாகவதர் ரசிகர்களும் சின்னப்பா ரசிகர்களும் போட்டுக்கொண்ட சண்டையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் பதினைந்து வருடம் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர்.

1948 பிப்ரவரியில் நீஸ் நகரில் பெரிய ஜாஸ் விழா. பனாசியேவின் ஆதர்சமான லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வந்தார். அதே மாதம் பாரிஸ் சால் ப்ளெயெல் அரங்கில் கில்லெஸ்பியின் பெரிய குழு. அடுத்த வருடம் மே மாதம் தெலோனே அதே அரங்கில் நடத்திய விழாவில் பார்க்கரும் இளம் மைல்ஸ் டேவிஸும் வாசித்தார்கள். பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணிக்காரரான சிட்னி பெஷேயும் அந்த மேடையில் ஏறினார். கலைஞர்களுக்குள் அத்தியும் இல்லை, திராட்சையும் இல்லை.

பனாசியேவை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. இளம் வயதில் எழுதிய முதல் புத்தகத்தில் வெள்ளையர்களை அதிகமாகத் தூக்கிவைத்துவிட்டேன், இந்த இசையின் உண்மையான குருமார்கள் கறுப்பர்களே என்று பின்னால் வந்த புத்தகத்தில் அவரே திருத்தி எழுதினார். தன் அச்சிட்ட எழுத்தைத் தானே மறுப்பது எழுதுகிறவர்களுக்கு எளிதல்ல. அந்த மனிதர்தான், பார்க்கர் என்ற கறுப்பர் வாசித்ததை ஜாஸ் அல்ல என்றார். இரண்டும் ஒரே காதுதான். எனக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது; பேரன் போடும் பாட்டு எனக்கு இசையாகவே படவில்லை. அவன் எதிரில் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பனாசியே 1974-இல் இறந்தார், தெலோனே 1988-இல். பிரெஞ்சில் 'திஸ்கோதேக்' என்றால் முதலில் தட்டு நூலகம் என்றுதான் பொருள்; நம் ஊரில் ஆட்டக் கூடத்துக்கு மட்டும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பனாசியே சேர்த்த தட்டுகள் தெற்கே வில்ஃபிரான்ஷ்-த-ருவேர்க் என்ற சிற்றூர் நூலகத்தில் இருக்கின்றன. தெலோனேயின் சேகரிப்பு பாரிசில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில்.