கண்டிச் சீமை மொய்

சாணார்பட்டி வட்டாரத்தில் வம்சாவளி எழுதி வைக்கும் பழக்கம் எங்களைப் போன்ற வீடுகளில் கிடையாது. தாத்தாவுக்கு அப்பா பேர் தெரியும். அதற்கு மேலே கேட்டால் முழிப்போம். ஆனால் மொய் நோட்டு எல்லா வீட்டிலும் உண்டு. ஊர், தகப்பன் பேர், ஆள் பேர், தொகை என்று வரிசையாக இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் ஆயிற்றே, அதனால் யாரும் கிழித்துப் போடுவதில்லை.

1948-ல் நடந்த என் அப்பா கல்யாணத்து மொய் நோட்டு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. நாலாம் பக்கத்தில் தாத்தாவின் தம்பி பேர். ஊர் என்ற இடத்தில் 'கண்டிச் சீமை'. தொகை 10 ரூபாய். மற்றவர்கள் நாலணா, எட்டணா எழுதியிருந்த நோட்டில் இது தனியாகத் தெரிந்தது. ஆள் வரவில்லை, பணம் மட்டும் வந்திருக்கிறது.

கண்டிச் சீமை என்றால் இலங்கையின் தோட்டக்காடு என்று பழைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் காப்பி, பிறகு தேயிலை. மானாவாரி பூமியான நம் பக்கத்தில் மழை பொய்த்த வருஷமெல்லாம் ஆட்கள் கிளம்பினார்கள். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அதில் பெரியது. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்குக் கப்பல் பதிவேடு இருக்கிறது. ஜில்லா, தாலுகா, கிராமம், தகப்பன் பேர் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். டர்பனில் இருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு ஊர் தேடி வருகிறார்கள். இலங்கைக்குப் போனவர்களைக் கூட்டிப்போனது கங்காணி. அவரும் பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர். முன்பணம் கொடுப்பார், அது ஆளின் தலையில் கடனாக ஏறும். ஆள் ஆளுக்கு ஒப்பந்தச் சீட்டெல்லாம் கிடையாது. அதனால் கண்டிக்குப் போன ஆளைத் தேடுவது டர்பன் ஆளைத் தேடுவதைவிடக் கஷ்டம், தூரம் என்னவோ கிட்டத்தான்.

அப்பா கல்யாணம் நடந்த அதே 1948-ல்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழர் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். சாமான் பிரிப்பது மாதிரிதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, அங்கிருந்து ஊர் ஊராக அனுப்பினார்கள்.

அந்த 1974-ல் மண்டபத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. சின்னத் தாத்தாவின் மகன் எழுதியிருந்தார். 'குடும்பத்தோடு வந்து சேர்ந்துவிட்டோம், ஊருக்கு வரலாமா, பதில் போடவும்' என்று. அப்பாவுக்குக் கண் சரியில்லை, வாசித்துக் காட்டியவன் நான். எனக்கு 24 வயது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வந்தா காட்டுல பங்கு கேப்பாங்க. பேசாம வச்சிரு" என்றார். மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, தாத்தா பேரில் இருந்தது. பேசாமல் வைத்தேன். கார்டு எங்கே போனதென்று தெரியாது.

ரிடையர் ஆனபின் அந்தக் கார்டு அடிக்கடி நினைவுக்கு வர ஆரம்பித்தது. முதலில் பத்திர ஆபீசில் பழைய கிரயப் பத்திரங்களை நகல் எடுத்தேன். அதில் மூன்று தலைமுறைப் பேர் கிடைத்தது, கண்டிக்குப் போனவர் பேர் மட்டும் இல்லை. காடு இருந்தால்தானே பத்திரத்தில் பேர் வரும்! (தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய காகிதத்தில் 'மதுரை ஜில்லா' என்றுதான் இருக்கும். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல்.)

கடைசியில் வழி சொன்னவர் எங்கள் குலதெய்வக் கோயில் பூசாரி. "சிவராத்திரிக்கு வருஷா வருஷம் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வேன் வருது. பொங்க வச்சுக் கும்பிட்டுட்டு ஓரமா உக்காந்திருந்துட்டுப் போயிடுவாங்க. யார் வகையறான்னு அவங்களுக்கும் சொல்லத் தெரியல" என்றார்.

அடுத்த மகா சிவராத்திரிக்கு மொய் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வேனிலிருந்து எண்பது வயது அம்மா ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். நோட்டைப் பிரித்து நாலாம் பக்கத்தை வாசித்தேன். அந்த அம்மா, "அது எங்க அய்யா பேருல்ல" என்றார். எனக்கு அத்தை முறை. கார்டு எழுதியவர் அவருடைய அண்ணன், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தே இறந்துவிட்டார். அவர் மகன்தான் வேனை ஏற்பாடு செய்து வருகிறவர்.

"பதிலுக்காக முகாமுல ஒரு மாசம் பாத்தோம்யா. கார்டு போய்ச் சேரலன்னு அண்ணன் சொல்லிருச்சு" என்றார் அத்தை.

வந்து சேர்ந்தது என்று சொன்னேன். வாசித்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அந்தக் காடு 1988-ல் என் தங்கை கல்யாணத்துக்காக விற்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். தம்பி வெகுநேரம் பொங்கல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிண்ணே, சாப்பிடுங்க" என்று இலையை நீட்டினார். அது மன்னிப்பா, மரியாதையா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

வருகிற வைகாசியில் கோத்தகிரியில் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில் சாணார்பட்டிப் பங்காளிகள் என்று எங்கள் பேரையும் போட்டிருக்கிறார்கள். 1948-ன் 10 ரூபாய்க்கு இப்போது எவ்வளவு எழுதுவது என்று எனக்கும் வீட்டுக்காரிக்கும் மூன்று நாளாகப் பேச்சு. அவள் தங்கம் விலையை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறாள். அதைவிடக் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்கிறேன் நான்.