துருவக் கடல்களில் மிதவை உயிரிகளும் மூழ்கும் கார்பனும்: ஓர் ஆய்வு வரலாறு

கடலின் மேலடுக்கில், நீரோட்டம் இழுத்த இழுப்புக்கு அலைந்து திரியும் உயிர்களைப் பிளாங்டன் அல்லது மிதவை உயிரிகள் என்பர். இவற்றுள் தாவர வகையைச் சேர்ந்தவை சூரிய ஒளியைக் கொண்டு நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை உடற்பொருளாக மாற்றுகின்றன. அந்த உடற்பொருளின் பெரும்பகுதி உண்ணப்பட்டும் சிதைந்தும் மேலடுக்கிலேயே மீண்டும் வாயுவாகிவிடுகிறது. எஞ்சும் சிறுபகுதி ஆழத்துக்கு மூழ்குகிறது. 1000 மீட்டருக்குக் கீழே சென்ற கார்பன் காற்றுமண்டலத்துக்குத் திரும்பி வர நூற்றாண்டுகள் ஆகலாம். ஆகவே எவ்வளவு மூழ்குகிறது என்பது புவியின் தட்பவெப்பத்தோடு பிணைந்த கேள்வி.

துருவக் கடல்களில் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 180 ஆண்டுகள் நீண்டது. எவ்வளவு விளைகிறது என்பது மட்டும் மூழ்குதலைத் தீர்மானிப்பதில்லை. எந்த உயிரி விளைகிறது, அதை எது தின்கிறது, அது எப்படிச் சாகிறது என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்த முடிவுக்கு வந்துசேர ஆய்வாளர்களுக்கு அத்தனை காலம் பிடித்தது.

பழுப்பு நிறப் பனிக்கட்டி

1839இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் எரபஸ், டெரர் என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் அண்டார்க்டிக் கடலை நோக்கிப் புறப்பட்டன. எரபஸ் கப்பலில் உதவி மருத்துவராகவும் தாவரவியலராகவும் சென்ற ஜோசப் டால்டன் ஹூக்கருக்கு அப்போது வயது 22. தென்கடலின் பனிப்பாளங்கள் பல இடங்களில் பழுப்பு நிறத்தில் இருந்தன. நிறத்துக்குக் காரணம் டயாட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசி. இதன் ஒவ்வொரு செல்லும் சிலிக்காவாலான, கண்ணாடி போன்ற ஓட்டுக்குள் வாழ்கிறது.

ஹூக்கர் சேகரித்தவற்றை பெர்லினில் கிறிஸ்டியான் காட்ஃபிரீட் எரன்பெர்க் ஆராய்ந்தார். நுண்ணோக்கி ஆய்வில் அக்காலத்தின் பெரும்புள்ளியான அவர், டயாட்டங்களை விலங்குகள் என்றே கருதினார். ஹூக்கர் இதை ஏற்கவில்லை. அவை தாவரங்களே, மரமோ புல்லோ இல்லாத அந்தக் கடலில் சிற்றுயிர் முதல் திமிங்கிலம் வரை அனைத்துக்கும் அடிப்படை உணவு அவைதாம் என்றார். ராஸ் கண்ட பெரும் பனிச்சுவருக்கு அருகில் கடலடியிலிருந்து எடுத்த சேற்றில் அதே சிலிக்கா ஓடுகள் நிறைந்திருந்ததையும் அவர் பதிவு செய்தார். மேலே வாழ்வது கீழே படிகிறது என்ற எண்ணத்தின் தொடக்கம் இது.

எனினும் அடிச்சேற்றில் கிடைக்கும் ஓடுகள் மேலிருந்து விழுந்தவையா, அங்கேயே வாழ்ந்தவையா என்ற வாதம் மேலும் 30 ஆண்டுகள் நடந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் அதைத் தீர்த்து வைத்தது. 1874 பிப்ரவரியில் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்த முதல் நீராவிக் கப்பலும் இதுவே. கப்பலில் இருந்த ஜான் மரே மேல்நீரில் வலையை இழுத்து, கிடைத்த உயிர்களை அடிச்சேற்றின் ஓடுகளோடு இடத்துக்கு இடம் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்துள்ள கடலடியில் டயாட்டச் சேறு ஒரு பெரும் வளையமாகப் படிந்திருப்பது தெரியவந்தது. பிளாங்டன் என்ற சொல்லே இதற்குப் பின் பிறந்தது. 1887இல் ஜெர்மனியின் விக்டர் ஹென்சன் கிரேக்க மொழியில் 'அலைந்து திரிவது' என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார்.

கணக்கு இடித்த இடம்

பொருத்தம் தெரிந்தது, வழி தெரியவில்லை. தனியொரு டயாட்டம் செல் நாளொன்றுக்கு ஒரு மீட்டர் அளவில்தான் மூழ்கும். 4000 மீட்டர் ஆழத்தை அது தொட 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் உடற்பொருளைப் பாக்டீரியா தின்றுவிடும். ஓடு கரையத் தொடங்கிவிடும். மிஞ்சியதை நீரோட்டம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் கொண்டுபோய்விடும். அப்படியானால் மரே கண்ட பொருத்தமே இருந்திருக்கக் கூடாது. இந்த முரண்பாடு நெடுங்காலம் போதிய கவனம் பெறாமலே கிடந்தது.

விடை இரு வழிகளில் வந்தது. முதலாவது கடற்பனி. ஆழ்நீரில் வெண்துகள்கள் பனிபோல் உதிர்வதை, குரோஷியோ என்னும் நீரடிக் கூண்டிலிருந்து கண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 1953இல் அப்பெயரால் அதை விவரித்தனர். இறந்த செல்களும் கழிவுகளும் பிசின்போன்ற பொருளால் ஒட்டிக்கொண்டு உருவாகும் திரள்களே இவை. இரண்டாவது எச்சம். டயாட்டங்களைத் தின்னும் சிற்றுயிர்கள் அவற்றின் ஓடுகளைக் கெட்டியான சிறு உருண்டைகளாக வெளியேற்றுகின்றன. இவ்வுருண்டைகள் டயாட்ட ஓடுகளை விரைவாகக் கடலடிக்குக் கொண்டுசெல்வதை 1971இல் ஹான்ஸ் யோவாகிம் ஷ்ராடர் எடுத்துக்காட்டினார். திரளாகவோ எச்சமாகவோ மாறிய பொருள் நாளொன்றுக்குப் பத்து, நூறு மீட்டர் கணக்கில் இறங்கும். ஆண்டுகள் வாரங்களாகச் சுருங்கின.

அண்டார்க்டிக் கடலில் இந்த எச்ச வழிக்குப் பெரிய உதாரணம் கிரில். கூனி இறால் போன்ற இந்த உயிரி பெருங்கூட்டங்களாக மேய்ந்து, நூல் நூலாக எச்சமிடுகிறது. 1980களில் அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய பிரான்ஸ்ஃபீல்டு நீரிணையில், மூழ்கும் பொருளைப் பிடிக்கும் புனல் வடிவப் பொறிகளை ஆழத்தில் தொங்கவிட்டனர். அவற்றில் கிரில் எச்சம் மிகுதியாகச் சிக்கியது. ஆண்டு முழுவதும் விழும் பொருளில் பெரும்பகுதி ஓரிரு கோடை மாதங்களிலேயே விழுந்துவிடுவதும் தெரிந்தது. துருவக் கடலின் இயல்பு அது: நீண்ட இருள், பிறகு திடீர் ஒளி, மேய்வோர் பெருகி முடிக்கும் முன்பே பாசி பெருகிவிடுகிறது.

எச்சமெல்லாம் கீழே போய்விடும் என்று கொள்வதும் தவறு. கோபிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுயிர்களின் சிறிய எச்ச உருண்டைகள் பெரும்பாலும் வழியிலேயே உடைந்தும் பிற உயிர்களால் தின்னப்பட்டும் மறைகின்றன. தின்பவர் யார் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

1985இல் விக்டர் ஸ்மெட்டாசெக் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். இந்தியாவில் வளர்ந்து ஜெர்மனியில் பணியாற்றிய கடலியலாளர் இவர். டயாட்டங்கள் சத்துத் தீர்ந்ததும் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக மூழ்குவது வெறும் சாவு அன்று, அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியிலேயே ஒரு கட்டம் என்றார் அவர்.

இரும்பு

தென்பெருங்கடலில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உரச்சத்துகள் தாராளமாக உள்ளன; ஆனால் பல பகுதிகளில் பாசி குறைவு. இரும்புக் குறை காரணமாகலாம் என்று 1930களிலேயே டிஸ்கவரி ஆய்வுத் திட்டத்தின் டி. ஜே. ஹார்ட் ஊகித்திருந்தார். கப்பலே இரும்பாக இருக்கையில் நீரில் உள்ள மிக நுண்ணிய அளவு இரும்பை மாசின்றி அளப்பது அக்காலத்தில் இயலாது. அதைச் சாதித்தவர்களுள் முன்னோடி கலிபோர்னியாவின் ஜான் மார்ட்டின். பனியூழிகளில் காற்றில் தூசி மிகுந்திருந்தது, கார்பன் டை ஆக்சைடு குறைந்திருந்தது. தூசியிலிருந்த இரும்பு தென்கடலில் பாசியைப் பெருக்கி, அது மூழ்கி, வாயுவைக் குறைத்திருக்கலாம் என்று 1990இல் அவர் எழுதினார். அரைக் கப்பல் இரும்பு கிடைத்தால் பனியூழியையே வரவழைத்துவிடுவேன் என்று அவர் முன்பு விளையாட்டாகச் சொன்னது கருதுகோளைவிட வேகமாகப் பரவியது. கடலில் இரும்பைக் கொட்டிப் பணம் பார்க்கலாம் என்று சில வணிக நிறுவனங்களும் கிளம்பின. 1993இல் மார்ட்டின் காலமானார்.

1999இல் தென்பெருங்கடலில் நடந்த முதல் இரும்புச் சோதனையான சோய்ரியில் பாசி பெருகியது உண்மை. ஆனால் கப்பல் அங்கிருந்த 13 நாள்களில் குறிப்பிடத்தக்க அளவு எதுவும் மூழ்கவில்லை.

2004இல் ஸ்மெட்டாசெக் குழுவினர் போலார்ஸ்டெர்ன் கப்பலில் ஐஃபெக்ஸ் சோதனையை நடத்தினர். தன்னுள்ளேயே சுழன்று, வெளிநீரோடு அதிகம் கலக்காத ஒரு பெரிய நீர்ச்சுழலை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே காத்திருந்தனர். நான்காம் வாரத்தில் பாசி உச்சத்தை எட்டியது. பிறகு டயாட்டங்கள் பெருமளவில் இறந்து, பின்னிப் பிணைந்த திரள்களாகக் கீழே இறங்கின. விளைந்ததில் குறைந்தது பாதி 1000 மீட்டருக்கும் கீழே சென்றது என்ற முடிவு 2012இல் நேச்சர் இதழில் வெளியானது. பொறுமையும் இடத்தேர்வுமே இச்சோதனையின் வெற்றி எனலாம்.

இடையில், 2009 தொடக்கத்தில், லோஹாஃபெக்ஸ் நடந்தது. 'லோஹா' என்பது இந்தியில் இரும்பு. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய இச்சோதனைக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சட்டபூர்வமான அறிவியல் ஆய்வு தவிர வேறு நோக்கில் கடலுக்கு உரமிடக் கூடாது என்று 2008இல் லண்டன் உடன்படிக்கை நாடுகள் தீர்மானித்திருந்தன. கப்பல் தென்கடலை அடைந்த நிலையில் ஜெர்மன் அரசு சோதனையை நிறுத்திவைத்து, மறுஆய்வுக்குப் பின்னரே அனுமதித்தது. ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புக் கரைசல் இடப்பட்டது.

பாசி விளைந்தது, மூழ்கவில்லை. அந்த நீரில் ஓடு கட்டச் சிலிக்கா இல்லாததால் டயாட்டங்களால் பெருக முடியவில்லை. ஓடற்ற நுண்பாசிகளே முளைத்தன. அவற்றைக் கோபிபாட்கள் மேய்ந்தன; கோபிபாட்களை ஆம்ஃபிபாட் எனப்படும் பெரிய ஓட்டுயிர்கள் தின்றன. கார்பன் மேலடுக்கிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. இதைத் தோல்வி என்று செய்தித்தாள்கள் எழுதின. அறிவியல் நோக்கில் ஐஃபெக்ஸுக்கு நிகரான முடிவு இது. இரும்பு மட்டும் போதாது, கண்ணாடி ஓடு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தச் சோதனையும் காட்டவில்லை.

வடதுருவம்

ஆர்க்டிக்கில் கதை பனிக்கட்டியோடு பிணைந்தது. 1893 முதல் 1896 வரை ஃபிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு மிதந்து சென்ற ஃபிரிட்யோஃப் நான்சென், பனி உருகிய குட்டைகளில் பழுப்புக் கட்டிகளைக் கண்டு, நுண்ணோக்கியில் பார்த்து அவை டயாட்டங்கள் என்று குறித்துவைத்தார். மெலோசிரா ஆர்க்டிகா என்னும் டயாட்டம் அங்கே பனிப்பாளத்தின் அடியில் நீண்ட சடைகளாகத் தொங்கி வளர்கிறது.

2012 கோடையில் ஆர்க்டிக் பனிப்பரப்பு அதுவரை அளவிடப்பட்டவற்றுள் மிகக் குறைந்த அளவைத் தொட்டது. அப்போது போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்ற ஆண்ட்யே போட்டியஸ் குழுவினர், 4000 மீட்டர் அளவு ஆழத்தில் கடலடியில் மெலோசிராக் கட்டிகள் திட்டுத்திட்டாகக் கிடப்பதைப் படம்பிடித்தனர். பனி உருகியதும் பிடி விட்டு அப்படியே விழுந்தவை அவை. இடையில் மேய்வோர் யாரும் தொடவில்லை. பெரும்பாலும் உணவு வறண்ட அந்தக் கடலடியில் கடல் அட்டைகளும் நொறுங்கு நட்சத்திரங்களும் அவற்றைச் சூழ்ந்து தின்றுகொண்டிருந்தன. திட்டுகளுக்கு அடியிலிருந்த சேற்றில், பாக்டீரியா பாசியைச் சிதைத்த வேகத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது.