சைல்ட் என்றால் எத்தனை வயது?

சைல்ட்னா குழந்தை. இதுல என்ன சந்தேகம்னு கேப்பீங்க. சட்டத்தைப் புரட்டிப் பாருங்க, காலத்துக்குக் காலம் இந்த வயசு மாறியிருக்கு.

1860: மனைவிக்கு 10 வயது தாண்டிவிட்டால் கணவன் உறவு கொள்வது குற்றமில்லை.

1890, கல்கத்தா: ஃபுல்மோனி என்ற 11 வயதுச் சிறுமி, கணவன் உறவு கொண்டதால் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்த வழக்கு. 10 தாண்டிட்டாளே! வன்புணர்வுக் குற்றச்சாட்டே நிற்கல. கணவனுக்கு ஓராண்டு சிறை. அவ்வளவுதான்.

1891: வயது 12 ஆனது.

1929, சாரதா சட்டம்: ஆண் 18 வரை சைல்ட். பெண் 14 வரைதான். ஒரே சட்டம், ஒரே சொல்!

1949: பெண்ணுக்கு 15.
1978: 18.
2012, போக்சோ: 18க்குக் கீழே எல்லாருமே சைல்ட்.

இப்ப ஏன் இதைச் சொல்றேன்?

இங்க வெள்ளிமலைப் பக்கம் 16 வயசுல தாலி ஏறிய பொண்ணு ஊருக்கு மருமகள், சட்டத்துக்கு சைல்ட். கேஸ் ஆகிடும்னு பயந்து சில வீடுகள்ல கர்ப்பத்தையே மறைக்கறாங்க. மறைச்சா ரத்தசோகையும் தெரியாது, ஏறுற பிரஷரும் தெரியாது. வலிப்பு வந்த பிறகு மலையிறங்கினா நேரம் போயிடும்.

சின்ன வயசுல கல்யாணப் பேச்சு எடுத்தா 1098க்கு கூப்பிடுங்க. கர்ப்பமாகியிருந்தா மறைக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

18ங்கறது வெறும் நம்பர் இல்லைங்க. ஃபுல்மோனி மாதிரி பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஏத்தின வயசு.