தாபோல் எரிவாயு மின்நிலையம்

மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில், வாசிஷ்டி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே அஞ்சன்வேல் ஊரையொட்டி அமைந்த மின்நிலையம். தாபோல் ஊர் இருப்பது மறுகரையில். நிறுவுதிறன் 1,967 மெகாவாட். இந்தியாவின் மிகப் பெரிய எரிவாயு மின்நிலையங்களுள் ஒன்று. மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு எரிவாயு டர்பைன்கள், ஒரு நீராவி டர்பைன். எரிவாயு டர்பைன் வெளியேற்றும் அனல்புகையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரி நிலையத்தைவிட விரைவாக உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், மாலைநேர உச்சத் தேவைக்கு இவ்வகை நிலையம் மிகவும் ஏற்றது.

தாராளமயத்தின் தொடக்க ஆண்டுகளில், 1992இல், திட்டம் உருவானது. என்ரான், ஜெனரல் எலெக்ட்ரிக், பெக்டெல் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து தாபோல் மின் நிறுவனத்தைத் தொடங்கின. திட்டம் தேவைக்கு மீறியது, மின்சாரம் விலை கூடியது என்று உலக வங்கி 1993இல் கடன் தர மறுத்தது. அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் அதே ஆண்டு டிசம்பரில் மாநில மின்வாரியம் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டணம் டாலரோடு பிணைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் விலையேற்றமும் வாரியத்தின் தலையில்தான். நிலையம் 2001இல் மூடப்பட்டதற்கு வேர் இந்த ஒப்பந்தமே. 1995 ஆகஸ்டில் சிவசேனை–பாஜக அரசு அதை ரத்து செய்தது; சில மாதங்களிலேயே கட்டணத்தைத் திருத்தி, திட்டத்தை முன்னைவிடப் பெரிதாக்கி மீட்டது. 1996 மே மாதம் வாஜ்பாயியின் 13 நாள் அரசு, மாநிலம் பணம் கட்டத் தவறினால் மத்திய அரசு கட்டும் என்ற எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் அளித்தது. நிலத்துக்கும் மீன்பிடிப்புக்கும் அஞ்சிப் போராடிய ஊர்மக்கள் மீது காவல்துறை நடத்திய அடக்குமுறையை மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 1999 அறிக்கை பதிவு செய்துள்ளது.

முதற்கட்டம் 1999 மே மாதம் நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடத் தொடங்கியது. நாப்தா விலையும் டாலர் மதிப்பும் ஏற ஏற வாரியத்தால் பணம் கட்ட முடியவில்லை. 2001 மே மாதம் கொள்முதல் நின்று நிலையம் மூடப்பட்டது. டிசம்பரில் என்ரான் திவாலானது.

2005இல் பொதுத்துறை நிறுவனங்களான என்.டி.பி.சி.யும் கெயிலும் இரத்தினகிரி எரிவாயு மின் நிறுவனத்தை அமைத்து நிலையத்தை ஏற்றன. மறு ஆண்டே உற்பத்தி தொடங்கியது. 2009 முதல் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையிலிருந்து எரிவாயு வந்தது. அது வற்றியதும் 2013இல் நிலையம் மீண்டும் முடங்கியது. பக்கத்திலேயே நீர்ம எரிவாயு இறக்குமதி முனையம் இருந்தும், அலைதடுப்புச் சுவர் முடியாததால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கப்பல்கள் அணைய முடியவில்லை. 2015 நவம்பரிலிருந்து ரயில்வேக்குச் சுமார் 500 மெகாவாட் வழங்கப்பட்டது. முனையம் பின்னர் தனி நிறுவனமாகப் பிரிந்தது, மின்நிலையம் என்.டி.பி.சி. வசம் உள்ளது.