ரசீதோடு வரும் நஞ்சு

ஓசூருக்கு மெத்தனால் ஒளிந்து வருவதில்லை. 1230 என்ற ஐ.நா. எண் எழுதிய பலகை, தீப்பிழம்புப் படம், மண்டையோட்டுப் படம் எல்லாம் தாங்கிய டேங்கர் லாரியில், ரசீதும் வரிச்சீட்டும் ஓட்டுநர் கையில் இருக்க, பட்டப்பகலில் தேசிய நெடுஞ்சாலையில் வரும் சரக்கு அது. மாத்திரைகளுக்கு மூலப்பொருள் தயாரிப்பவர்களுக்கு அது வேண்டும். பெயின்ட், தின்னர், வார்னிஷ் கலப்பவர்களுக்கு வேண்டும். ஒட்டுப்பலகையை ஒட்டும் பிசினுக்கு ஃபார்மால்டிஹைடு வேண்டும். ஃபார்மால்டிஹைடுக்கு மெத்தனால் வேண்டும். தொழிற்பேட்டை என்று ஒன்று இருந்தால் மெத்தனாலும் இருக்கும். இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வழி மாறுகிற இடம் வேறு.

அதன் பூர்வீகம் மரக்கட்டை. காற்றுப் புகாத கலனில் கட்டையைச் சுட்டு, கிளம்பும் புகையைக் குளிரவைத்தால் கரிய நீர் ஒன்று சொட்டும். அதிலிருந்து 1661-ல் ராபர்ட் பாயில் இந்தத் திரவத்தைப் பிரித்தெடுத்தார். 1834-ல் டூமா, பெலிகோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதன் அமைப்பைக் கண்டு சொன்னார்கள். ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், நான்கு ஹைட்ரஜன். மதுவில் இருக்கும் எத்தனாலைவிட ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காலத்து மரச்சாராயத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: வாய்க்குக் கிட்டே கொண்டுபோக முடியாத நாற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் அதைச் சுத்திகரித்து நாற்றத்தைப் போக்கி விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் குடித்துக் கண்ணிழந்தவர்களும் செத்தவர்களும் கூட்டமாக மருத்துவ ஏடுகளில் தலைகாட்டுகிறார்கள். நாற்றம் போனது, நஞ்சு தங்கியது. 1923-ல் ஜெர்மனியின் லாய்னாவில் பாஸ்ஃப் நிறுவனம் மரமே இல்லாமல் வாயுக்களிலிருந்து மெத்தனாலை வார்த்தபோது எச்சரிக்க எந்த வாடையும் மிச்சமில்லை. இன்றைய மெத்தனால் சாராயத்தைப் போலவே நிறமற்றது, சாராயத்தைப் போலவே மணப்பது, நாக்குக்கும் சாராயத்தைப் போலவே இருப்பது.

இப்போது அது பிறப்பது இயற்கை எரிவாயுவில். வாயுவை நீராவியோடு சேர்த்து உடைத்து, கிடைக்கும் கலவையை 250 டிகிரி வெப்பத்தில், பெரும் அழுத்தத்தில், செம்பு கலந்த வினையூக்கியின் மேல் செலுத்துவார்கள். இந்தியாவில் எரிவாயு பற்றாக்குறை. அதனால் நமக்கு வேண்டிய மெத்தனாலில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. துறைமுகத் தொட்டி, அங்கிருந்து டேங்கர், வியாபாரியின் கிடங்கு, பேரல், ஆலை. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவேடு உண்டு. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலை வாங்க, வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும் என்ற விதிகள் 1959-லேயே வந்துவிட்டன. சட்டப் புத்தகத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை பேரலில் இருக்கிறது. 64.7 டிகிரியில் கொதித்துவிடும் சரக்கு இது. கணக்கில் கொஞ்சம் குறைந்தால் ஆவியாகிவிட்டது என்று எழுத எப்போதும் இடம் உண்டு. மூடிக்கிடக்கும் ஆலையின் மூலையில் நிற்கும் பேரல்களை யாரும் எண்ணுவதும் இல்லை. 200 லிட்டர் பேரல் ஒன்று காணாமல் போவது ஆலைக்குச் சில்லறை நஷ்டம். அதில் தண்ணீர் கலந்து விற்பவனுக்கு அது ஆயிரக்கணக்கான பாக்கெட்.

ஆனால் வாங்க ஆள் வேண்டுமே. அந்த ஆளை உருவாக்கியது தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே ஓசூரை ஒட்டி ஓடும் எல்லைக்கோடு.

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரான சில மாதங்களில், அக்டோபர் 1 அன்று, மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடக்கம். கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. அந்த வரி பிறகு நாடு முழுக்கப் பரவியது, மதுவிலக்குதான் நிலைக்கவில்லை. அன்றைக்கே எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம்: வேறு ஆட்சி, வேறு கலால். ஒரு பக்கம் வறட்சி, மறுபக்கம் ஈரம் என்றால் நடுவில் ஒரு கால்வாய் தானாகவே வெட்டிக்கொள்ளும். ராஜாஜியின் நோக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மதுச் சட்டம் என்பது எப்போதும் ஒரு மாநிலத்தின் சட்டம். தாகத்துக்கு அந்த வரம்பு கிடையாது.

தமிழ்நாடு 1971-க்குப் பிறகு மதுக்கடையைத் திறந்தும் மூடியும் பார்த்தது. கடைசியில் 1991-ல் மலிவு விலைச் சாராயக் கடைகள் மூடப்பட்டன. அதன்பின் இங்கே சட்டப்படி கிடைத்தது சீமைச் சரக்கு வகைகள் மட்டும். 2003 முதல் அதையும் டாஸ்மாக் ஒன்றே விற்கிறது. கர்நாடகத்திலோ சாராயம் அரசு உரிமத்தோடு பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்றுக்கொண்டிருந்தது. எல்லையின் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் அது சரக்கு. இந்தப் பக்கத்து ஜூஜூவாடியைத் தாண்டினால் கடத்தல். நாள் கூலிக்குக் கல் உடைக்கிறவர், மூட்டை சுமக்கிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லாரும் அந்தப் பாக்கெட்டை அறிவார்கள். பதினாறு ஆண்டுகள் இப்படி ஓடியது. அந்தப் பாக்கெட்டில் இருந்ததும் சாராயம்தான், உடம்புக்கு நல்லதில்லை. ஆனால் அதில் இருந்தது எத்தனால்.

2007 ஜூலை 1 முதல் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. பெண்கள் பலகாலம் கேட்ட தடை, நியாயமான தடை. கடைகள் மூடப்பட்டன. குடித்துப் பழகியவர்களும், அவர்களுக்கு விற்றுப் பழகிய கைகளும், பாக்கெட் அடைக்கும் கருவிகளும் மூடப்படவில்லை. அந்த இடைவெளிக்குள் நுழைந்தது மெத்தனால்.

2008 மே மாதம், கர்நாடகம் சட்டமன்றத் தேர்தலில் மூழ்கியிருந்தபோது, சாவு தொடங்கியது. பெங்களூரின் ஓரங்களில், கோலார் பக்கம், பிறகு இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். ஒரே சரக்கு, இரண்டு மாநிலத்து மருத்துவமனைகள், இரண்டு போலீஸ், இரண்டு கணக்கு. சில நாள்களில் இரு மாநிலங்களிலும் சேர்த்து இறந்தவர்கள் 150-ஐத் தாண்டினார்கள். பெங்களூருக்கு இது புதிதல்ல. 1981 ஜூலையில் அங்கே விஷச்சாராயத்தில் 300-க்கும் மேற்பட்டோர் மடிந்திருந்தார்கள். புதிது, எல்லை தாண்டிய அந்த வேகம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஊறலைச் சரியாகக் காய்ச்சாவிட்டால் சாராயம் மெத்தனாலாக மாறிவிடும் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். வெல்லமும் பட்டையும் போட்டு ஊறும் பானையில் ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனாலைத்தான். பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து சிறிதளவு மெத்தனால் வரும், அது ஊரைக் கொல்லும் அளவல்ல. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்காடுகளில் ஊறல் போட்ட காலத்தில் ஈரல் கெட்டுச் செத்தவர்கள் உண்டு. ஒரே இரவில் தெருவே சாய்வது ஆலைச் சரக்கு உள்ளே வந்த பிறகு நடப்பது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது காய்ச்சிய கள்ளச்சாராயம் அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபுவே அறிவித்தார். ஆகவே மலையில் ஊறல் பானையை உடைத்துப் படம் எடுத்துப் போடுவது ஒரு வேலை. பேரலை எண்ணுவது வேறு வேலை. நம் ஊரில் முதல் வேலைக்குத்தான் படம் வருகிறது.

இனி அது உடம்புக்குள் போகும் பாதை. வயிற்றிலிருந்து ரத்தத்தில் கலக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்போது அது செய்வது லேசான போதை மட்டும். மெத்தனாலாகவே இருந்திருந்தால் பெரிய கேடு இல்லாமல் வெளியேறியிருக்கும். கேடு செய்வது நம் ஈரல். மதுவை உடைக்க ஈரலில் இருக்கும் நொதி மெத்தனாலையும் உடைக்கிறது. முதலில் அது ஃபார்மால்டிஹைடு ஆகிறது. பிணவறையில் உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருப்பது இதுவே. ஓரிரு நிமிடங்களில் அது ஃபார்மிக் அமிலமாகிறது. செவ்வெறும்பு கடித்தால் எரிவது இந்த அமிலத்தால். அதை அப்புறப்படுத்த மனித உடம்புக்குப் போதிய திறன் கிடையாது. எலிக்கு உண்டு. எலி தாங்குகிறது, மனிதனும் குரங்கும் தாங்குவதில்லை. விலங்குச் சோதனைகளை நம்பி, சுத்தமான மெத்தனால் ஆபத்தில்லை, அதில் கலந்திருக்கும் அழுக்குதான் ஆபத்து என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நினைத்ததன் காரணம் இந்த எலிதான்.

ஃபார்மிக் அமிலம் செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லுக்கு அது உதவாது. அதிகம் ஆக்சிஜன் கேட்கும் இடங்கள் முதலில் அணைகின்றன: பார்வை நரம்பு, மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி. ரத்தம் அமிலமாகிறது, அதை வெளியேற்ற மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கிறது. இவ்வளவும் நடக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே நல்ல மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். இந்தத் தாமதம்தான் கொடுமை. முந்தின இரவு குடித்தவர் மறுநாள் வேலைக்குப் போயிருப்பார். தலைவலியும் வாந்தியும் வந்தால் வழக்கமான மப்பு என்று நினைப்பார். அவர் நன்றாக இருப்பதைப் பார்த்து அடுத்தவர் அதே இடத்தில் வாங்கிக் குடிப்பார். பிறகு எதிரில் பனிமூட்டம் விழுந்ததுபோல் கண் வெளுக்கும். சுத்தமான மெத்தனால் 10 மில்லிகூடப் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம்.

இதற்கு முறிவு உண்டு, அதிலும் விநோதம் உண்டு. முறிவு எத்தனால்தான், அதாவது மது. ஈரலின் அந்த நொதிக்கு எத்தனாலின் மேல் பிரியம் அதிகம்; பந்தியில் முதலில் அதைத்தான் உட்காரவைக்கும், மெத்தனால் இலை கிடைக்காமல் வெளியே நிற்கும். அதற்குள் டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடலாம். ஃபோமிபிசோல் என்ற மருந்து இந்த வேலையைப் போதை இல்லாமல் செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013 முதல் இருக்கிறது. விலை அதிகம், இருப்பு அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் இந்தப் பெயர் தமிழ்நாட்டின் காதில் விழுந்தது. அப்போதும் வயிற்றெரிச்சலுக்குத் தரும் ஒமிப்ரசோலோடு குழப்பிக்கொண்டு அரசியல் சண்டை நடந்தது. அதே மாதம் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, சாவுக்குக் காரணமாகும் கள்ளச்சாராயக்காரருக்கு ஆயுள் தண்டனை வரை வந்தது. தண்டனை வேண்டியதுதான். ஆனால் தண்டனை செத்த பிறகு வேலை செய்கிறது. ஃபோமிபிசோலும் டயாலிசிஸ் கருவியும் அதற்கு முந்தின இரவில் வேலை செய்பவை. சிப்காட் தொழிற்பேட்டையும் எல்லையும் ஒருசேர அமைந்த ஓசூர் போன்ற ஊரின் அரசு மருத்துவமனையில் இவை இரண்டும் எப்போதும் தயாராக இருப்பது ஆடம்பரம் ஆகாது. ஒரு மாநிலத்தில் பேரல் குறைந்தால் அடுத்த மாநிலத்து அமலாக்கப் பிரிவுக்கு அன்றே தகவல் போவதும் முடியாத காரியமல்ல. டேங்கருக்கு இரண்டு பக்கமும் ரசீது இருக்கிறதே.

குடித்தவனே செத்தான், அவனுக்கு என்ன பரிவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மெத்தனால் என்று சொல்லி யாரும் யாருக்கும் விற்கவில்லை.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். ஊர்பேர் தெரியாத சாராயம் குடித்த ஒருவருக்கு மறுநாள் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, கண் மங்குகிறது என்று சொன்னால், மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். இன்னொரு குவார்ட்டர் கொடுத்து நீங்களே வைத்தியமும் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், டயாலிசிஸ் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதைப் போலீஸுக்குப் பயந்து மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றாலும், அவர்களையும் அதே வண்டியில் ஏற்றுங்கள்.